காக்காப்பொன் கதவு

எங்கள் குளியலறைக்கு விக்கல் இருந்தது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு டீமேக்கர் ஐயா கக்கூஸில் சங்கிலியை இழுப்பார். உயரத்தில் மாட்டியிருக்கும் இரும்புத் தொட்டியிலிருந்து தண்ணீர் தடதடவென்று இறங்கும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள், பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் குளியலறைத் தரை ஓட்டையிலிருந்து 'களக்' என்று ஒரு சத்தம் வரும். கை கழுவும் பேசின் அதற்குப் பதில் சொல்வதுபோல் இன்னொரு 'களக்' சொல்லும். கொஞ்ச நேரத்தில் நாற்றம் கிளம்பும். சும்மா வாடை இல்லை. சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட வைக்கிற நாற்றம்.

வீடு என்னவோ பெரிய இடத்து வீடுதான். இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டிலிருந்து மேலே ஏறுகிற தேயிலைத் தோட்டத்தில், ஒரு காலத்தில் வெள்ளைக்காரச் சின்னத்துரை, அதாவது தோட்டத்து உதவி மேலாளர், குடியிருந்த பங்களா. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு நடுவில் ஒரு பலகைச் சுவரை எழுப்பி அதை இரண்டு வீடாக்கியிருந்தார்கள். பெரிய பாதியில் டீமேக்கர் ஐயாவும் அவர் மனைவியும். ஸ்டோரில், அதாவது எங்கள் தேயிலை ஃபேக்டரியில், தேயிலை செய்கிற பொறுப்பு முழுவதும் அவருடையது. சின்னப் பாதி பல வருஷம் ஆள் இல்லாமல் கிடந்தது. கங்காணியாக இருந்த அப்பாவைக் கணக்கப்பிள்ளையாக உயர்த்தியபோது, அதுவரை லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பராவில் இருந்த எங்களுக்கு அந்தப் பாதியைக் கொடுத்தார்கள். அம்மா அப்போதும் மற்றப் பெண்களோடு கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். கொழுந்து பறிக்கிறவள் பங்களாவில் குடியேறியது எங்கள் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஹட்டனில் விடுதியில் தங்கி உயர்தரம் படித்து, சோதனை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் இருந்தேன். தலைக்குள் பௌதிகம் கொதித்துக்கொண்டிருந்தது. கையில் ஒரு திருப்புளி கிடைத்தால் போதும், ரேடியோவின் முதுகைத் திறந்துவிடுவேன். அப்பாவின் கைக்கடிகாரத்தை ஒரு தடவை திறந்து, மூடியபோது ஒரு சின்னப் பற்சக்கரம் மிச்சமாகிவிட்டது. அதைப் பற்றி இங்கே விரிவாகப் பேச வேண்டாம்.

டீமேக்கர் வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட வரும்போதெல்லாம் மூக்கில் சேலைத் தலைப்பை வைத்துக்கொள்வார்.

"என்னங்க இது, மழை பேஞ்சாலும் நாறுது, வெயில் அடிச்சாலும் நாறுது. தண்ணி ஊத்துறதில்லையா?"

"மூணு வேளையும் ஊத்துறேங்கம்மா. பினாயிலும் போடுறேன்" என்பாள் அம்மா.

"ஊத்துனா போதுமா? ஊத்தத் தெரியணும்ல. லயத்துல இருந்த பழக்கம் வேற. இது பங்களா."

அம்மா உள்ளே வந்து இன்னொரு வாளி தண்ணீரைத் தூக்குவாள். வேலை விட்டு வந்த ஈரச் சேலையோடு, தென்னந்தும்பு விளக்குமாற்றால் அந்தச் சிமெந்துத் தரையைத் தேய்ப்பாள். அதற்குப் பிறகு சாம்பிராணி போடுவாள். பினாயிலும் சாம்பிராணியும் அந்த நாற்றமும் கலந்து ஒரு நான்காவது வாடை பிறக்கும். அதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீசிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. டீமேக்கர் ஐயா எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டு நாற்றத்தால் தன் மூக்கு கெடுகிறது, மூக்கு கெட்டால் தேயிலை கெடும் என்று. இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. அரைத்த கொழுந்து மேசையில் பதப்பட்டுக் கிடக்கும்போது ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்து, 'போதும்' என்று அவர் சொன்னால்தான் அது அடுப்புக்குப் போகும். அந்த மூக்கு ஒரு நாள் தவறினால் ஒரு நாள் தேயிலையே பாழ். ஆகவே ஆபீஸ் அவசரப்பட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் சின்னத்துரை நேரில் வந்து பார்ப்பார். நிலைமை இப்படியே இருந்தால் நாங்கள் வீட்டைக் காலி செய்து பழைய லயத்துக் காம்பராவுக்கே திரும்ப வேண்டும்.

அப்பா துண்டை இரண்டு தடவை படித்தார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"போயிருவோம். அவங்க வந்து வெரட்டுறதுக்கு முந்தி நாமளே மரியாதையா போயிருவோம்."

"எங்க போறது?" என்றாள் அம்மா.

"அந்தக் காம்பராதான். இன்னும் சும்மாதான் கெடக்கு."

அம்மா அதுவரை அப்பாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அடுப்பிலிருந்து எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

"ஒத்தக் காம்பராவுக்குள்ள பொறந்தேன், அதுக்குள்ளயே கல்யாணம் கட்டினேன், அதுக்குள்ளயே இவளப் பெத்தேன். இந்த வீட்டுக்கு வந்து மூணு மாசந்தான் ஆகுது. நான் எங்கயும் வரல. நீங்க போங்க, உங்களுக்குச் சோறு குடுத்து விடுறேன்."

"நாறுதே, என்ன பண்ணச் சொல்ற?"

"நாறுது. ஆனா இந்த நாத்தம் என்னுது இல்ல."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை உட்கார விடவில்லை. அம்மாவுடையது இல்லையென்றால் யாருடையது? கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் இருந்தது.

முதலில் விக்கலைப் பிடித்தேன். புதன்கிழமை காலையில் அம்மா துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தரை ஓட்டைக்குள் ஊற்றினேன். எந்த ஓட்டைக்கும் கீழே குழாய் நேராகப் போவதில்லை. ஒரு வளைவு இருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் காவல். குழியிலிருந்து வருகிற நாற்றத்தை மேலே விடாமல் தடுப்பது அதுதான். டோர்ச் அடித்துப் பார்த்தேன். நீலத் தண்ணீர் அழகாக, ஆடாமல், அசையாமல் நின்றது.

மத்தியானம் டீமேக்கர் ஐயா சாப்பிட வந்தார். சாப்பிட்டார். நான் தரையில் குப்புறப் படுத்து ஓட்டைக்குள் கண்ணை வைத்துக் காத்திருந்தேன். ஒரு மனிதர் கக்கூஸுக்குப் போகமாட்டாரா என்று அவ்வளவு ஆவலாக வாழ்க்கையில் வேறு எப்போதும் நான் காத்திருந்ததில்லை. கடைசியில் போனார். சங்கிலி இழுபட்டது. தடதட.

நீலத் தண்ணீர் நடுங்கியது. உள்ளே யாரோ வாய் வைத்து உறிஞ்சியதுபோல் கீழே இறங்கியது. 'களக்.' வளைவு வெறுமையாகக் கிடந்தது. அடுத்த நிமிஷம் நாற்றம் நேராக என் முகத்தில் அடித்தது. நான் சந்தோஷத்தில் கத்தினேன்.

"அம்மா! ஓடி வாங்க! ஆளப் பிடிச்சிட்டேன்!"

அம்மா கையில் அகப்பையோடு வந்தாள். "எந்த ஆள?"

"அவரு சங்கிலி இழுக்குறாரு. அது நம்ம ஓட்டைத் தண்ணிய உறிஞ்சிட்டுப் போயிருது. காவல் போனதும் நாத்தம் வருது. நீங்க எத்தன வாளி ஊத்துனாலும் அவரு அடுத்த தடவ இழுக்குற வரைக்குந்தான்."

"அவரு வீட்டுத் தண்ணி அவரு குழாயில போகுது. நம்ம தண்ணிய ஏண்டி இழுக்கணும்?"

இதற்கு நான் படித்த விடையைச் சொன்னால் அகப்பையால் ஒன்று விழும் என்று தெரியும். சமையல்கட்டிலிருந்து டின்பாலை எடுத்து வந்தேன்.

"இதுல ஒரே ஒரு ஓட்டை போட்டா பால் வருமா?"

"சரியா வராது. நின்னு நின்னு, களக் களக்குன்னு..." அம்மா பாதியில் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். தரை ஓட்டையைப் பார்த்தாள். "ரெண்டு ஓட்டை போடணும். ஒண்ணுல காத்து போகணும்ல."

"அதேதான். ரெண்டு வீட்டுக்கும் கீழ ஒரே குழாய். அவரு வீட்டுத் தண்ணி நம்ம ஓட்டையத் தாண்டித்தான் குழிக்குப் போகுது. அது போறப்ப பின்னால காத்து வேணும். காத்து வர்ற ஓட்டை எங்கயோ அடைச்சிருக்கு. அதனால நம்ம ஓட்டை வழியா இழுக்குது."

"அந்த ரெண்டாவது ஓட்டை எங்க இருக்கு?"

குளியலறை மூலையில் ஒரு இரும்புக் குழாய் சுவரோடு ஒட்டி மேலே போய்ச் சீலிங்குக்குள் நுழைந்தது. வெளியே வந்து கூரையைப் பார்த்தேன். தகரத்துக்கு மேலே எந்தக் குழாயும் தலை நீட்டவில்லை. அப்படியானால் அது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவிலேயே எங்கோ முடிகிறது.

எங்கள் நடையின் சீலிங்கில் மேலே ஏறுவதற்கு ஒரு சதுரப் பலகை இருந்தது. மேசை போட்டு, அதன் மேல் கதிரை போட்டு, கதிரையை அம்மா பிடித்துக்கொள்ள, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். மேலே இரண்டு வீட்டுக்கும் ஒரே மச்சு. பலகைச் சுவர் சீலிங்கோடு நின்றுவிட்டிருந்தது. தகரத்தில் துரு தின்ற துளைகள் வழியாக வெளிச்சம் ஊசி ஊசியாக இறங்கியது. எலிப் புழுக்கை, தூசி, குளிர். மரச் சட்டத்தின் மேல் மட்டும் கையும் முழங்காலும் வைத்துத் தவழ்ந்தேன். சட்டத்தைத் தவறவிட்டால் சீலிங் பலகை உடைந்து டீமேக்கர் ஐயாவின் கட்டிலில் போய் விழுவேன். அப்படி விழுந்தால் வெள்ளிக்கிழமை வரை யாரும் காத்திருக்கத் தேவையில்லை.

குழாயின் முனையில் ஒரு பெரிய பாண் ரொட்டி அளவுக்கு ஏதோ பளபளத்தது. கிட்டப் போய் டோர்ச் அடித்தேன். ஈயத்தாள். தேயிலைப் பெட்டிக்குள் விரிப்பார்களே, அதே வெள்ளித் தாள். இரண்டு சுற்று சுற்றி, ஓரங்களுக்குத் தகரப் பட்டி வளைத்து, கம்பியால் இறுக்கிக் கட்டி, மேலே மெழுகும் பூசியிருந்தது. லண்டன் ஏலத்துக்குப் போகிற பெட்டியைக்கூட இவ்வளவு அக்கறையாக அடைத்திருக்கமாட்டார்கள். அதைப் பார்த்ததும் அது யாருடைய கைவேலை என்று தெரிந்துவிட்டது. எங்கள் ஸ்டோரில் அப்படி அடைக்கத் தெரிந்தவர், எந்திரங்களைப் பழுது பார்க்கிற பிட்டர் அண்ணன் ஒருவர்தான்.

யோசிக்கவே இல்லை. திருப்புளியால் கிழித்தேன். கம்பியை முறுக்கி அறுத்தேன். உள்ளே ஒரு இரும்புப் பெட்டி, முன்பக்கத்தில் கொஞ்சம் சாய்ந்த கம்பி வலை. வலைக்குப் பின்னால் ஏதோ மினுமினுப்பான தூள் ஒட்டியிருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. குழாய் திறந்தாயிற்று, வேலை முடிந்தது. இறங்கி வந்து எங்கள் கக்கூஸ் சங்கிலியை இழுத்துப் பார்த்தோம். பின்னேரம் டீமேக்கர் ஐயா அவர் சங்கிலியை இழுத்தார். விக்கல் இல்லை. நீலம் நின்ற இடத்தில் நின்றது. நான் நடையில் ஒரு சுற்று ஆடினேன். அம்மாகூடச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும்தான் தாங்கியது. நாற்றம் இப்போது தரையிலிருந்து வரவில்லை. சீலிங்கிலிருந்து வந்தது. மச்சு இரண்டு வீட்டுக்கும் பொது என்றேன் அல்லவா? பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டீமேக்கர் வீட்டம்மாவின் குரல் வந்தது.

"அய்யய்யோ! இவ்வளவு நாளும் உங்க வீட்டுக்குள்ள வச்சிருந்தீங்க, இப்ப எங்க வீட்டுக்குள்ளயும் வுட்டுட்டீங்களா!"

அப்பா பெரட்டுக் களத்தில் மறுநாளுக்கு ஆள் பிரிக்கிற வேலையெல்லாம் முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். என்னையும், என் தலையிலிருந்த ஒட்டடையையும் பார்த்தார்.

"அந்தக் கடிகாரத்தோட நிறுத்திக்கக் கூடாதா பாப்பா?" என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வியாழக்கிழமை காலையில் ஸ்டோருக்கு ஓடினேன். எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் பிட்டர் அண்ணனின் பட்டறை. ஆள் நல்ல பருமன். வாயில் வெற்றிலை, காதில் பென்சில். நான் கிழித்துக் கொண்டுவந்த ஈயத்தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"இது உங்க வேலதானே அண்ணே?"

அவர் தாளைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆமா. ஆறு வருஷம் இருக்குமா? பாத்தியா மெழுகு, இன்னும் விடல. நான் அடைச்சா அடைச்சதுதான். யாரு கிழிச்சது?"

"நான்தான்."

மலர்ந்த முகம் சுருங்கியது. "உனக்கென்ன கிறுக்கா? அது வழியாத்தான் வாடை வருதுன்னு டீமேக்கரய்யா என்னைக் கூப்பிட்டு அடைக்கச் சொன்னாரு."

"ஆறு வருஷத்துக்கு முந்தியா? அப்ப நாங்க அந்த வீட்டுலயே இல்லையே."

"உங்க பாதியில அப்ப உர மூட்டைல்ல அடுக்கி வச்சிருந்துச்சு. கக்கூஸ் கதவுக்கே ஆணி அடிச்சிருந்தாங்க." சொல்லிவிட்டு அவரே மெல்லுவதை நிறுத்தினார். "அட. அப்ப அந்த நாத்தம்..."

"எங்க அம்மாவுது இல்ல."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "இங்க பாரு தங்கச்சி. தேயிலைக்குக் காத்துப் பட்டா செத்துச்சு. ஸ்டோருக்கு வந்த நாள்லேருந்து எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதான். எங்க ஓட்டை இருந்தாலும் அடை. அதத்தான் செஞ்சேன்."

"அது பெட்டி இல்ல அண்ணே, மூக்கு. மூக்க அடைச்சா அது எங்க வீட்டு ஓட்டை வழியா மூச்சு இழுக்குது. தொறந்து விட்டா நாத்தத்த வெளிய விடுது. காத்து உள்ள போகணும், வெளிய வரக் கூடாது. வெள்ளைக்காரன் அதுக்கு ஏதோ வச்சிருக்கணும். நீங்க அடைக்கிறப்ப உள்ள என்ன இருந்துச்சு?"

"என்னமோ கண்ணாடி மாதிரி ஒரு தகடு. ஒடஞ்சு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. பிச்சுப் போட்டுட்டேன்."

கண்ணாடி மாதிரி. அந்த மினுமினுப்புத் தூள். என் பாவாடை மடிப்பில் இன்னும் இரண்டு துகள் ஒட்டியிருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"காக்காப்பொன்!"

பாதை வெட்டிய பாறைகளில் மின்னுகிற அதே காக்காப்பொன்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நகத்தால் உரித்து உரித்துக் கொப்பிக்குள் சேர்ப்போம். ஏடு ஏடாக வரும். எடையே இருக்காது. துருப் பிடிக்காது, ஈரம் ஏறாது, அழுகாது. கம்பி வலைக்குப் பின்னால் அப்படி ஒரு தகட்டைக் கதவுபோல் தொங்கவிட்டிருந்திருக்கிறார்கள். குழாய் மூச்சை இழுக்கும்போது கதவு உள்பக்கமாகத் திறக்கும். இழுத்து முடிந்ததும் தன் பாரத்திலேயே விழுந்து வலையோடு ஒட்டி மூடிக்கொள்ளும். இவ்வளவுதான் சூட்சுமம். அந்தத் தகடு உடைந்ததுதான் எல்லா வினைக்கும் ஆரம்பம்.

"தகரத்துல வெட்டித் தரவா?" என்றார் பிட்டர் அண்ணன்.

"பாரம். மூச்சு இழுத்தா திறக்காது."

"அப்ப ஈயத்தாள்?"

அவருக்கு ஈயத்தாள் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஒரு துண்டை வெட்டிக் கம்பி வலையில் தொங்கவிட்டு வாயால் ஆவி ஊதிப் பார்த்தோம். நனைந்ததும் சுருங்கி வலையோடு பசைபோல் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊர்ப் பனிக்கு ஒரு நாள்கூடத் தாங்காது. பாதை வெட்டில் கிடைக்கிற காக்காப்பொன்னோ நகத்தளவுக்கு மேல் இருக்காது. எனக்கு உள்ளங்கையளவு வேண்டும். நாளை வெள்ளிக்கிழமை.

நான் பட்டறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எரிந்துபோன மோட்டார், உடைந்த பற்சக்கரம், மூலையில் பெரிய பங்களாவிலிருந்து திருத்த வந்து திருத்த முடியாமல் கிடந்த மின்சார அயன்பெட்டி. விடுதியில் ஒரு அயன்பெட்டியை நான் திறந்து பார்த்ததுண்டு.

"அண்ணே, அத எடுங்க!"

"அது செத்த சாமான்."

"செத்ததுதான் வேணும்."

நான்கு புரி ஆணி. மேல் ஓடு கழன்றது. உள்ளே சூடேறும் கம்பியை வரிவரியாகச் சுற்றி, மேலே ஒன்று கீழே ஒன்றாக, கையளவுக் காக்காப்பொன் தகடு இரண்டு. ஒன்று கருகியிருந்தது. மற்றது பழுப்புக் கண்ணாடிபோல் முழுசாக இருந்தது. பிட்டர் அண்ணன் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடியாத்தே" என்று மட்டும் சொன்னார்.

பியூஸ் கம்பியில் கீலுக்கு இரண்டு வளையம் செய்தார். தகட்டில் துளை போட்டபோது அவருடைய பெரிய விரல்கள் நடுங்கவே இல்லை. என்னோடு வீட்டுக்கும் வந்தார். ஆனால் சீலிங்கின் சதுர ஓட்டைக்குள் அவருடைய தலையும் ஒரு தோளும் மட்டும்தான் போயின.

"நீயே போ. நான் கீழேருந்து சொல்றேன்" என்றார்.

மறுபடியும் தவழ்ந்து போனேன். வலையைக் கழற்றிப் பழைய கீல் ஊசியைச் சுரண்டித் துரு எடுத்தேன். கீழேயிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. "வளையத்த இறுக்காத! ஆட எடம் வை! மாட்டிட்டியா? என்ன சத்தத்தையே காணோம்? விழுந்துட்டியா?"

மாட்டினேன். வலையை இருந்தபடியே பொருத்தினேன். வாயைக் கிட்டக் கொண்டுபோய் மெதுவாக ஊதினேன். பழுப்புக் கதவு உள்பக்கமாகச் சாய்ந்து திறந்தது. ஊதுவதை நிறுத்தினேன். 'டிக்' என்று மூடிக்கொண்டது. திரும்ப ஊதினேன். திறந்தது. டிக். அந்த எலிப் புழுக்கைக்கு நடுவே குந்திக்கொண்டு பத்துப் பதினைந்து தடவை ஊதியிருப்பேன். உயர்தரத்தில் பௌதிகத்துக்கு என்ன பெறுபேறு வந்தாலும் சரி, எனக்கு அன்றைக்கே முடிவு வந்துவிட்டது.

"இப்ப இழுங்க!" என்று கத்தினேன். அம்மா எங்கள் சங்கிலியை இழுத்தாள். தடதட. என் கண்ணுக்கு முன்னாலேயே கதவு தானாகத் திறந்து ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்து, டிக் என்று மூடியது. கீழே விக்கல் இல்லை. மேலே வாடை இல்லை. பிட்டர் அண்ணன் போட்ட சீழ்க்கையில் டீமேக்கர் வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம், கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்கள இளைஞர். தமிழ் கொஞ்சம் வெட்டி வெட்டிப் பேசுவார். டீமேக்கர் ஐயாவும் மனைவியும் வந்தார்கள். அப்பா கோட்டுப் போட்டு நின்றார். பிட்டர் அண்ணன் கூப்பிடாமலே வந்து வாசலில் நின்றார். எங்கள் சின்னக் குளியலறைக்குள் அத்தனை பேர் நின்றது அதற்கு முன்னுமில்லை, பின்னுமில்லை.

நான் முந்திக்கொண்டேன். "தொரை, டீமேக்கரய்யா வீட்டுச் சங்கிலிய யாராவது இழுக்கச் சொல்லுங்க. அஞ்சு தடவ."

"அஞ்சு தடவ ஏன்?"

"ஒரு தடவ சரியா இருந்தா அதிர்ஷ்டம்னு சொல்லுவாங்க."

சின்னத்துரை சிரித்துவிட்டு அவரே போய் இழுத்தார். தொட்டி நிரம்ப நிரம்ப ஐந்து தடவை. நாங்கள் எல்லோரும் தரை ஓட்டையைச் சுற்றி நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நீலத் தண்ணீர் லேசாகச் சிலிர்த்தது. அவ்வளவுதான்.

சின்னத்துரை திரும்பி வந்து மூக்கை உறிஞ்சினார். "எனக்குத் தடிமன், மூக்கு அடைப்பு. ஒண்ணும் தெரியாது. டீமேக்கர், உங்க மூக்குதானே பெரிய மூக்கு? நீங்க சொல்லுங்க."

முறைப்பாடு கொடுத்தவரே தீர்ப்பும் சொல்லப் போகிறார். டீமேக்கர் ஐயா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஸ்டோரில் பதப்பட்ட கொழுந்துக்கு முன்னால் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். தரை ஓட்டைக்கு மேல் குனிந்தார். கண்ணை மூடினார். குறுகலாக மூன்று இழுப்பு. பேசினுக்குப் போனார். அங்கேயும் மூன்று. தலையை நிமிர்த்திச் சீலிங்கைப் பார்த்து நீளமாக ஒன்று. அம்மா கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தாள்.

"பினாயில் இருக்கு" என்றார். "காலையில போட்ட சாம்பிராணி இருக்கு. கொஞ்சம் நீலம்." நிறுத்தினார். "வேற ஒண்ணுமில்ல."

"நல்லாப் பாருங்க. தடுமாறாதீங்க" என்றார் அவர் மனைவி.

அவர் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். "இந்த மூக்கால நான் பொய் சொல்லமாட்டேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த மனிதரை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.

பிட்டர் அண்ணனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வாசலிலிருந்தே ஆரம்பித்தார். ஆறு வருஷத்துக்கு முந்தி வாடை வந்தது, டீமேக்கர் ஐயா சொன்னது, தான் தேயிலைப் பெட்டிபோல் அடைத்தது, செத்த அயன்பெட்டி, காக்காப்பொன், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். சின்னத்துரைக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதி போதுமாக இருந்தது.

"அப்ப இவங்க வர முந்தியே நாத்தம் இருந்தது?"

"இருந்துச்சு தொரை" என்றார் டீமேக்கர் ஐயாவே, தரையைப் பார்த்துக்கொண்டு.

"இத யார் செஞ்சது?"

"எம் மக" என்றார் அப்பா. மூன்று நாளில் அவர் சத்தமாகப் பேசியது அதுதான். கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்துவிடும் போலிருந்தது. "அவ சாமானத் தொறந்தா திரும்பச் சரியா மாட்டிருவா, தொரை." என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

சின்னத்துரை சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார், 'சரி' என்பதைச் சிங்களத்திலேயே சொல்லிக்கொண்டு. "ஹரி. வீட்ட மாத்தத் தேவையில்ல. கணக்கப்பிள்ளை குடும்பம் இங்கயே இருக்கும். அப்பிடியே எழுதுறேன்." எழுதி முடித்துப் பென்சிலைத் திரும்பப் பைக்குள் வைக்கப் போனார்.

"தொரை" என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பினோம். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. ஏதாவது கேட்டால் 'பிடிக்கலன்னா லயத்துக்கே போ' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இப்போது சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சின்னத்துரைக்கு நேரே வந்து நின்றாள்.

"பென்சில உள்ள வைக்காதீங்க. இன்னும் இருக்கு. அடுப்படிப் புகைக்கூண்டு அடைச்சுக் கெடக்கு, கண்ணு எரியுது. முன்னறை யன்னல்ல ரெண்டு கண்ணாடி இல்ல, சாக்குத்தான் கட்டியிருக்கேன். பின் கதவுக்குத் தாழ்ப்பாள் வேணும். மேல தகரம் சல்லடையா இருக்குன்னு எம் மக பாத்துட்டு வந்திருக்கா. வேணும்னா நீங்களும் ஏறிப் பாருங்க, கதிரைய நான் புடிச்சுக்கிறேன்."

சின்னத்துரை சீலிங்கின் ஓட்டையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பென்சிலை நாக்கில் தொட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார்.

"கண்ணாடி எத்தன சொன்னீங்க?"

"ரெண்டு" என்றாள் அம்மா. "தெளிவா எழுதுங்க தொரை. அப்புறம் ஆபீசுல புரியலன்னு சொல்லக் கூடாது."